கொட்டகலையில் 10 பேர்ச்: போனில் தேடுவதா, தரகரைப் பிடிப்பதா?

இந்தப் பேச்சை வீட்டில் ஆரம்பித்து வைத்தது அக்கா. கத்தாரில் வேலை செய்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ கோலில் வந்து, "காசு சேர்ந்திருச்சு, காணிய பாருங்க. இப்பதான் எல்லாமே போன்ல இருக்கே, எதுக்கு வீணா தரகருக்கு அழுவணும்?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த அம்மா விடவில்லை. "சேலையவே தொட்டுப் பாக்காம வாங்க மாட்டோம். காணிய போன்ல வாங்குறதா?" அப்புறம் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன், கையில் நல்ல போன் இருக்கிறது, ஏப்ரல் விடுமுறையும் வருகிறது. வேலை என் தலையில் விழுந்தது.

தேடியது 10 பேர்ச். பழைய வீடு ஒன்று அதில் நின்றாலும் சரி, வெறுங்காணியானாலும் சரி. ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில், கொட்டகலைப் பக்கம் கிடைத்தால் நல்லது. கையில் 30 லட்சம். எட்டு மாதம் போயிற்று. விளம்பரத் தளங்கள், பேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்கள், தரகர், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையைத் தெரிந்துகொள்ள இணையத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. காணியைத் தெரிந்துகொள்ள அது பாதி தூரம்கூடக் கூட்டிப்போகாது. இரண்டும் ஒரே திரையில் வருவதால், விலையைப் பார்த்தவர் காணியையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். நானும் அப்படித்தான் இருந்தேன்.

விளம்பரத் தளங்கள்

இக்மன், லங்கா ப்ராப்பர்ட்டி வெப் இரண்டையும்தான் அதிகம் பார்த்தேன். 'இக்மன்' என்றால் சிங்களத்தில் சீக்கிரம் என்று அர்த்தம். எட்டு மாதம் பார்த்தவள் சொல்கிறேன், பெயரை நம்பாதீர்கள்.

முதல் நாளே ஒரு காணி 275,000 ரூபாய் என்று கண்ணில் பட்டது. அக்காவுக்கு அனுப்பியும்விட்டேன். அது ஒரு பேர்ச்சின் விலை. மொத்த விலையா, பேர்ச் விலையா என்று சின்ன எழுத்தில்தான் இருக்கும். சில விளம்பரங்களில் அதுவும் இருக்காது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஒரு ஏக்கர். இது நம் ஆட்களுக்குத் தெரிந்த கணக்கு. ஆனால் புதிய நில அளவைப் படங்களில் ஹெக்டேயர் என்று வரும். 0.0253 ஹெக்டேயர் என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், அதுதான் 10 பேர்ச். பழைய படங்களில் ஏக்கர், ரூட், பேர்ச் என்று மூன்று எண்கள் வரிசையாக இருக்கும். 40 பேர்ச் ஒரு ரூட். விளம்பரத்தில் 10 பேர்ச் என்றும் படத்தில் 8.6 என்றும் இருந்த காணியை நானே பார்த்திருக்கிறேன். கேட்டதற்கு, "சுமாரா பத்துன்னு போட்டேன்" என்றார் விற்க வந்தவர். சுமார் என்ற அந்த ஒரு சொல்லுக்கு அன்றைய விலையில் மூன்றரை லட்சத்துக்கு மேல்.

அடுத்தது மொழி. இக்மனைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாறுவது தளத்தின் பொத்தான்கள்தான். உள்ளே விளம்பரம் எழுதியவர் எழுதிய மொழியில்தான் இருக்கும், அதாவது பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். தமிழில் 'கொட்டகலை' என்று போட்டுத் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று போனை வைத்துவிடுபவர்களை எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் தேடுங்கள், ஊர்ப் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். சிங்கள விளம்பரத்தில் 'சின்னக்கர' என்று இருந்தால் முழு உரிமையுள்ள அறுதிக் காணி, 'பிம்சவிய' என்று இருந்தால் 1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டப்படி சான்றிதழ் கொடுக்கப்பட்ட காணி. இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது இந்தத் தளங்களின் உண்மையான பயனுக்கு வருகிறேன். மூன்றாம் வாரம் ஒரு விஷயம் கவனித்தேன். ஒரு படத்தில் தகரக் கூரை, பக்கத்தில் பச்சைத் தண்ணீர் டாங்கி, டாங்கியிலிருந்து நீல நிற ரப்பர் குழாய் ஒன்று வளைந்து போகிறது. அதே டாங்கி வேறொரு விளம்பரத்திலும் இருந்தது. தேடத் தேட நான்கு விளம்பரம். நான்கும் ஒரே காணி, நான்கு தொலைபேசி இலக்கம், நான்கு விலை. ஆகக் குறைந்தது 29 லட்சம், ஆகக் கூடியது 38 லட்சம். ஒன்றில் 'ஹட்டன் நகரிலிருந்து 5 நிமிடம்' என்று இருந்தது. ஹெலிகொப்டரில் போனால் சரியாக இருக்கலாம்.

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த நான்கு விலையும் எனக்குக் கிடைத்த இலவசத் தகவல். சொந்தக்காரர் எங்கே இறங்கி வருவார் என்பது 29 லட்சத்தில் தெரிந்தது; தரகர்கள் ஆளுக்கு எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பது மற்ற மூன்றில் தெரிந்தது. இதைத் தெரிந்துகொள்ள முன்பெல்லாம் அப்பா ஆறு மாதம் தேநீர்க் கடையில் உட்கார வேண்டியிருந்திருக்கும். அன்றிலிருந்து ஒரு கொப்பி போட்டேன். பிடித்த ஒவ்வொரு காணிக்கும் திகதி, விலை, இலக்கம், படத்தில் உள்ள ஓர் அடையாளம். 'அவசர விற்பனை' என்று போட்ட ஒரு காணி, நான் தேடிய எட்டு மாதமும் அவசரமாகவே இருந்தது. விலை மட்டும் இரண்டு தடவை இறங்கியது. அப்படிப்பட்ட காணியில் ஒன்று ஏதோ குறை இருக்கிறது, அல்லது சொந்தக்காரர் களைத்துவிட்டார். எதுவானாலும் பேசும்போது உதவும்.

கூகுள் ஏர்த்தையும் சொல்ல வேண்டும். கணினியில் திறந்தால் பழைய வருடங்களின் செய்மதிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கலாம். இப்போது சமதரையாகத் தெரியும் இடம் சில வருடத்துக்கு முன் தேயிலைச் சரிவாக இருந்து, மண்ணை வெட்டி நிரப்பியிருந்தால் அதில் தெரிந்துவிடும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். தரகரும் சொல்ல மாட்டார்.

பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும்

இங்கே தமிழில் பேசலாம். சொந்தக்காரரே நேரடியாகப் போடுகிறார். விலை கேட்டால் 'இன்பொக்ஸ்' என்பார்கள், அது ஒரு தொல்லை. ஆனால் தளங்களில் வராத சின்னக் காணிகள், லயத்துக்குப் பக்கத்தில் உள்ள தனி வீடுகள், ஒரு அறை, இரண்டு அறை வாடகை எல்லாம் இங்கேதான் வரும்.

ஏமாற்றும் இங்கேதான் அதிகம் நடக்கிறது. சித்தியின் மகன் நுவரெலியாவில் ஹோட்டல் வேலைக்குப் போக இருந்தபோது வாடகைக்கு வீடு தேடினோம். ஏப்ரல் வசந்த காலம் நெருங்கினால் அங்கே வீட்டுக்காரர்கள் மாத வாடகைக்குக் கொடுப்பதில்லை, நாள் வாடகைக்கு விடுகிறார்கள் என்பது தெரிந்த விஷயம். அந்த நேரம் பார்த்து, மார்ச் கடைசியில், அழகான இரண்டு அறை வீடு, மாதம் 25,000 என்று ஒரு விளம்பரம் வந்தது. ஆள் மரியாதையாகப் பேசினார். "நான் இப்ப கொழும்புல நிக்கிறேன் தங்கச்சி. ரெண்டு மாச முற்பணம் போட்டா சாவிய பக்கத்து வீட்டுல குடுக்கச் சொல்றேன்." தம்பி வங்கி செயலியைத் திறந்துவிட்டான். எனக்கு எதுவோ உறுத்தியது. படத்தை கூகுள் லென்ஸில் போட்டேன். அதே வீடு எல்லவில் உள்ள ஒரு தங்குமிடத்தின் இணையப் பக்கத்தில் இருந்தது, அதே சிவப்புத் திரைச்சீலையோடு. அவரிடம் கேட்டபோது பதில் வரவில்லை, இலக்கமும் போய்விட்டது. ஐம்பதாயிரம் தப்பியது. இது நடந்த பிறகு எங்கள் வீட்டில் ஒரே ஒரு விதிதான்: நாங்கள் கதவைத் திறந்து உள்ளே நிற்கும் வரை காசு போகாது.

காணி வாங்குவதில் இதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. 'சரி, உங்களுக்குத்தான், 2 லட்சம் அட்வான்ஸ் போடுங்க' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். அந்த வரிக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணி விற்பதும், விற்பதாக உடன்படுவதும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் அப்படித்தான். ஏறத்தாழ 185 வருடம் பழைய சட்டம், நேற்று வந்த செயலியை விடத் தெளிவாக இருக்கிறது. முற்பணம் கொடுப்பதென்றால் நொத்தாரிசிடம் விற்பனை உடன்படிக்கை எழுதிக்கொண்டு கொடுங்கள்.

வாட்ஸ்அப்பை நான் வேறு ஒன்றுக்குப் பயன்படுத்தினேன். பஸ் ஏறுவதற்கு முன் விற்பவரிடம் மூன்று படம் கேட்பேன்: காணி உறுதியின் முதல் பக்கம், நில அளவைப் படம், கடைசியாகக் கட்டிய ஆதன வரிப் பற்றுச்சீட்டு. முதல் பக்கத்தில் அந்தக் காணியின் முந்திய பதிவு இலக்கம் இருக்கும். மூன்றையும் அனுப்பியவர்களைத்தான் போய்ப் பார்த்தேன். "நேர்ல வாங்க, காட்டுறேன்" என்றவர்களில் இரண்டு பேரிடம் போனேன். இருவரிடமும் காட்ட ஒன்றும் இருக்கவில்லை.

தரகர்

எங்கள் தரகர் மாமாவைக் கொட்டகலை நகரில் ஒரு தேநீர்க் கடையில் பிடிக்கலாம். கையில் குடை, சட்டைப் பையில் மடித்த நான்கைந்து நில அளவைப் படப் பிரதிகள். விற்ற விலையில் 3 வீதம் கேட்பார். 30 லட்சத்துக்கு 90,000. அக்காவுக்கு வயிறு எரிந்தது இந்த இடத்தில்தான்.

90,000க்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். அண்ணன் தம்பி சண்டையில் இருக்கும் காணி எது, யார் வெளிநாடு போக அவசரமாக விற்கிறார்கள், எந்தப் பாதை மழைக்கு மூடிக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்கு வாய்ப்பாடு. பச்சை டாங்கிக் காணியைப் படத்தில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பழைய டிஸ்பென்சர் ஐயா வீடு டீச்சர். பொண்ணு கண்டியில இருக்கு. அது 28க்கு இறங்கும்" என்றார். இணையம் நான்கு விலை சொன்னது. இவர் ஐந்தாவதைச் சொன்னார், அதுதான் சரியான விலை.

குறை இல்லாமல் இல்லை. தன்னிடம் இல்லாத காணியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல மாட்டார். விற்பவரிடமும் 3 வீதம், வாங்குபவரிடமும் 3 வீதம் என்று இரண்டு பக்கமும் பேசி வைத்திருப்பவர்கள் உண்டு. அதனால் யார் எவ்வளவு கொடுப்பது என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, தரகர் உறுதியைப் பார்த்துச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "ஒரு பிரச்சினையும் இல்ல டீச்சர், நான் பொறுப்பு" என்பார். எதற்குப் பொறுப்பு என்று கேட்டால் சிரிப்பார்.

பத்திரிகை விளம்பரத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. வீரகேசரி ஞாயிறு இதழைப் பார்த்தேன். கொழும்பு, வத்தளைப் பக்கம் தேடுபவர்களுக்குத்தான் அதில் பயன். காணி விற்பனை நிறுவனங்கள் பெரிய காணிகளை 10 பேர்ச் துண்டுகளாகப் பிரித்துத் தவணைக்கு விற்கின்றன. பாதை, மின்சாரம் என்று படத்தில் அழகாக இருக்கும். துண்டு வெட்டிய திட்டத்துக்குப் பிரதேச சபை அனுமதி இருக்கிறதா என்று மட்டும் சபைக்கே போய்க் கேளுங்கள்.

எந்தத் திரையிலும் வராதவை

மலையகத்தில் காணி என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது யாருடைய மண் என்பது. 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது, 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் திரும்பவும் தனியார் கம்பனிகளுக்குப் போனது. மண் அரசிடமே இருக்கிறது. ஆகவே தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு வீட்டை ஒருவர் 'விற்கிறேன்' என்று பேஸ்புக்கில் போட்டால், அவர் விற்பது எதை என்று முதலில் கேட்க வேண்டும். 7 பேர்ச்சில் கட்டிக்கொடுத்த தனி வீடுகளில் பலருக்கு வீடு கையில் வந்தது, உறுதி வரவில்லை. சத்தியக்கடதாசி ஒன்றைக் காட்டி 15 லட்சம் கேட்ட ஒருவரிடம் நானே பேசியிருக்கிறேன். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. அது தன்னுடையது என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

அரச அனுமதிப்பத்திரக் காணி, நம் ஆட்கள் சொல்லும் பர்மிட் காணி, இன்னொரு வகை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணிகளைப் பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. விலை மலிவாக இருக்கும். அந்த மலிவுக்குக் காரணம் இதுதான்.

அறுதிக் காணி என்றாலும் காணிப் பதிவகத்துக்குப் போகாமல் விடாதீர்கள். நுவரெலியாப் பதிவகத்தில் ஒரு முழுக் காலை இருந்தேன். முந்திய பதிவு இலக்கத்தை எழுதிக் கொடுத்தால் தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் போடுகிறார்கள். ஓரங்கள் தேய்ந்து துணி மாதிரி ஆன தாள். வரிசையாக ஒருவர் பெயர், அவர் யாருக்குக் கொடுத்தார், எந்தத் திகதி, ஈடு இருந்தால் அதுவும். எங்களுக்குப் பிடித்திருந்த ஒரு காணி, 'தெளிவான உறுதி' என்று விளம்பரம் போட்டிருந்தது. உறுதி உண்மையிலேயே தெளிவாகத்தான் இருந்தது, காலே கால் பங்குக்கு. மீதி முக்கால் பங்கு வேறு மூன்று பேருக்கு. பாகம் பிரிக்காத காணி. எங்கே வேலி போட்டாலும் அந்த மூன்று பேரும் வந்து நிற்கலாம். கூட வந்த சட்டத்தரணி அம்மா தாளில் விரலை வைத்து, "இதப் பாக்காம வாங்கியிருந்தா நீங்க ஒரு காணி வாங்கல மிஸ், ஒரு வழக்க வாங்கியிருப்பீங்க" என்றார். முப்பது வருட உரிமை வரிசையைப் பார்க்க அவர் வாங்கிய காசு தரகரின் பங்கில் கால்வாசிகூட இல்லை. இந்த எட்டு மாதத்தில் நான் கொடுத்ததிலேயே மனதார கொடுத்த காசு அதுதான்.

அடுத்தது மண். போட்டோவில் சரிவு தெரியாது. கமராவைக் கொஞ்சம் கீழே பிடித்தால் எந்த மலையும் மைதானம். அதோடு எல்லாரும் பெப்ரவரி, மார்ச் வெயிலில் எடுத்த படத்தைத்தான் போடுகிறார்கள். நான் வட்டவளைப் பக்கம் ஒரு காணியை ஜூலை மழையில் போய்ப் பார்த்தேன். கூட வந்த தம்பி திட்டிக்கொண்டே வந்தான். வீட்டின் இஸ்தோப்புக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் ஒரு விரல் போகும் அளவு வெடிப்பு, மேலே புதுச் சீமெந்து பூசியிருந்தது. கீழே எல்லையில் நின்ற பலாமரம் அடியில் முழங்கை மாதிரி வளைந்து, அப்புறம் நேராக எழும்பியிருந்தது. மண் மெதுவாக நகரும் இடத்தில் மரம் அப்படித்தான் வளரும். பீலியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "இந்த பீலி முன்ன அந்தப் பக்கந்தான் ஓடுச்சு டீச்சர். போன வருச மழைக்கு அப்பறம் இங்கன வந்திருச்சு" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வயிறு கலங்கியது. ஊற்று இடம் மாறுவது, வெடிப்பு விடுவது, மரம் சாய்வது மூன்றும் மண்சரிவுக்கு முன் வரும் அடையாளங்கள் என்று பாடசாலையில் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். அன்றே திரும்பிவிட்டோம்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை மலையாகச் சரிந்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2011 முதல் மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளில் வீடு கட்ட, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். அவர்களுடைய அபாய வலய வரைபடங்களை இணையத்தில் பார்க்கலாம். இணையம் காணியைப் பற்றி உருப்படியாக ஏதாவது சொல்லும் என்றால் அது இந்த இடத்தில்தான். ஆனால் 10 பேர்ச்சுக்கு அந்த வரைபடம் போதாது, அதிகாரி வந்து பார்த்து எழுதித் தரும் அறிக்கைதான் கணக்கு. வாங்கிய பிறகு கட்ட முடியாது என்று தெரிந்துகொள்வதைவிட, அந்த அறிக்கை சாதகமாக வந்தால்தான் வாங்குவேன் என்று உடன்படிக்கையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பாதை. விளம்பரத்தில் 'வாகனம் செல்லும் பாதை' என்று இருக்கும். வாகனம் போகும், சரிதான். பாதை தோட்டக் கம்பனியுடையதாக இருந்தால் நாளைக்கு ஒரு கம்பி போட்டு மூடலாம். நில அளவைப் படத்தில் காணியின் எல்லையில் 'பாதை' என்று எழுதியிருக்கிறதா, உறுதியில் வழியுரிமை சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கல், மண், சீமெந்து ஏற்றிய லொறி அந்த வளைவில் திரும்புமா என்பதை லொறி ஓட்டுபவரிடம் கேளுங்கள். எங்கள் மாமா லொறி ஓட்டுகிறார், அவர் இரண்டு காணியைப் பார்த்த உடனே வேண்டாம் என்றார்.

விற்பதும் ஒரு கதை

இதற்கு நடுவில் அப்பாவின் புசல்லாவை வீட்டை விற்க வேண்டியிருந்தது. தரகர் இரண்டு மாதத்தில் ஆறு பேரைக் கூட்டி வந்தார், ஆறு பேரும் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு நான் பகல் வெளிச்சத்தில் பதினைந்து படம் எடுத்து, வெடிப்பு இருந்த சுவரையும் சேர்த்து, விலையை வெளிப்படையாக எழுதி பேஸ்புக்கில் தமிழில் போட்டேன். பதினொரு நாளில் டோஹாவிலிருந்து ஒரு பையன் பேசினான். அவனுடைய மாமி எங்களுக்கு மூன்றாவது வீடு. அவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தனை நாளும் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், விற்கிறோம் என்று தெரியாது. செய்தி டோஹாவுக்குப் போய்த் திரும்பி வந்துதான் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தது. விற்பதற்கு இணையம்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களிடம்தான் இப்போது காசு இருக்கிறது, அவர்கள் இருப்பது போனில். ஒன்று மட்டும் கவனியுங்கள்: வாங்குபவர் கனடா, இங்கிலாந்துக் குடியுரிமை எடுத்தவராக இருந்தால், 2014ஆம் ஆண்டின் காணி உரிமை மாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணியை எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் பிரச்சினை இல்லை.

வாடகைக்கு என்றால் நான் கடைக்காரரையே நம்புவேன். நகரத்துப் பலசரக்குக் கடையில் சொல்லிவைத்தால் இரண்டு வாரத்தில் வீடு வரும். பேராதனையில் பிள்ளைக்கு போர்டிங் தேடுபவர்கள் மட்டும் பல்கலைக்கழக வாட்ஸ்அப் குழுக்களில் கேட்கலாம், மூத்த மாணவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.

கடைசியில் எங்களுக்கு நடந்தது

பச்சை டாங்கிக் காணியைத்தான் வாங்கினோம். இணையத்தில் கண்டது, விலையின் தரை தெரிந்தது அங்கே. ஆனால் தரகர் மாமாவைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் நேரில் பேசினோம். 28 லட்சத்துக்கு முடிந்தது. மாமாவுக்கு 3 வீதம் 84,000. தளத்தில் இருந்த ஆகக் குறைந்த விலையிலிருந்து அவர் ஒரு லட்சம் இறக்கித் தந்தார், ஆக அக்காவின் வயிற்றெரிச்சலுக்கு நியாயம் இல்லை. சட்டத்தரணி அம்மா முப்பது வருடத்தைப் பார்த்தார், நில அளவையாளர் கல்லைத் திரும்ப நட்டார், ஆராய்ச்சி நிறுவன அறிக்கை வர ஏழு வாரம் எடுத்தது. முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 28 லட்சத்துக்கு 111,000 ரூபாய். இதை முன்பே ஒதுக்கி வைக்காமல் கடைசி நாளில் அங்கேயும் இங்கேயும் கைமாற்று வாங்க ஓடினோம். நீங்கள் அப்படி ஓட வேண்டாம். உறுதி எழுதிய அன்றே பதிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டோம். ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தால் முதலில் பதிந்தவர் பக்கம்தான் சட்டம் சாயும்.

அம்மா முதல் நாள் போனபோது டாங்கியைத் தட்டிப் பார்த்தார். நீலக் குழாய் இரண்டு இடத்தில் ஒழுகியது, மாற்றிவிட்டோம். நேற்று ராத்திரி சும்மா தளத்தைத் திறந்தேன். எங்கள் காணி இன்னும் விற்பனைக்கு இருக்கிறது. அதே டாங்கி, அதே நீலக் குழாய், ஹட்டனிலிருந்து அதே 5 நிமிடம். 40 லட்சமாம்.